சொல்லலாமா சார்

அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிற யாருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். அங்கே ஓர் ஆளுக்கு ஒரு மேலதிகாரி போதாது, இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைத்துக் கட்டித்தரும் நிறுவனம் அது. குழாய் வரைகிறவர்கள், மின்சாரம் பார்க்கிறவர்கள், ரசாயனம் பார்க்கிறவர்கள் என்று தொழில்வாரியாகத் துறைகள் ஒரு பக்கம். கட்டுகிற ஒவ்வொரு நிலையமும் ஒரு திட்டம், அதற்கொரு தலைமை, அது இன்னொரு பக்கம். துறை ஆளைக் கொடுக்கும், திட்டம் வேலையைக் கொடுக்கும், ஆள் நடுவில் நிற்பான். நிர்வாகத்தார் இதைப் பெட்டியும் கோடுமாகப் படம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஊழியர்களுக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. துறை பிறந்த வீடு, திட்டம் புகுந்த வீடு, அவ்வளவுதான்.

அதனால் அங்கே ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரும் வாழ்க்கைப்பட்டார்கள். "உன்னை எங்க கட்டிக் குடுத்திருக்காங்க?" என்பதுதான் நலவிசாரிப்பு. திட்டம் பாதியில் நின்று துறைக்குத் திரும்பியவனை, "என்னய்யா, பெட்டியோட வந்துட்டே?" என்று கேட்பார்கள். மீசை நரைத்த ஆண்பிள்ளைகள் தேநீர் இடைவேளையில் புகுந்த வீட்டுக் கொடுமையைச் சொல்லி மூக்கைச் சிந்துவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

நம் குழாய்க்காரர் அப்படி ஒன்பது வீடுகளில் வாழ்ந்து நல்ல பேர் எடுத்தவர். குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவர் என்பதால் குழாய்க்காரர். ஆனால் அலுவலகத்தில் நிலைத்துவிட்ட பேர் வேறு: சொல்லலாமா சார். அந்தப் பேர் வந்த கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். துறையில் கேட்டதைத் திட்டத்தில் சொல்வார், திட்டத்தில் கேட்டதைத் துறையில் சொல்வார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்கும் ஆசைதான். அன்றிருந்த துறைத்தலைவர் திட்டத்தலைவரைப் பற்றி, "அந்தாளுக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒரு வார்த்தை விட்டதை, "நம்ம வேலை உங்களுக்குக் கொஞ்சம் புதுசுன்னு நினைக்கிறாரு" என்று மெருகேற்றித்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். மெருகு ஒட்டவில்லை. இரண்டு பேரும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பிறகு எப்படியோ சமாதானமாகி ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடித்த அன்று, சண்டை எங்கே ஆரம்பித்தது என்று சேர்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். யோசனை நேராக இவரிடம் வந்து நின்றது. "மூட்டி விடறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் எதிலாவது ஒத்துப்போனதை அலுவலகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பழக்கம். யார் அவரிடம் அடுத்தவரைப் பற்றி வாயைத் திறந்தாலும், பேச்சு முழுதாக வெளியே வருமுன்பே, மிக மரியாதையாக, "இதை நீங்க சொன்னீங்கன்னு அவங்ககிட்ட சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிடுவார். சொல்லலாம் என்றால் சொன்னது சொன்னபடி போய்ச் சேரும், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. கூடாது என்றால், "அப்ப நான் கேக்கல சார்" என்று எழுந்து போய்விடுவார். முதலில் சிரித்தார்கள், அப்புறம் எரிச்சல்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பேர், "இரு, நானே அவங்களைக் கூப்பிட்டுப் பேசிக்கறேன்" என்று ஃபோனை எடுப்பார்கள். அவர் இருக்கிற திட்டத்தில் இரண்டு தலைமைக்கும் முட்டிக்கொள்ளாது என்று பேர் வந்தது அப்படித்தான். அடுத்த திட்டத்துக்கு ஆள் கேட்கும்போது, "சொல்லலாமாவைக் குடுத்தா நிம்மதி" என்று போட்டி போட்டுக் கேட்பார்கள்.

அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, ரெண்டு மாமியாரும் சௌக்கியமா?" என்பாள். அவரும், "சின்ன மாமியாருக்குத்தான் இன்னைக்கு மூஞ்சி சரியில்ல" என்பார்.

சின்ன மாமியார் என்றால் திட்டத்தலைமை, பெரிய மாமியார் என்றால் அவருடைய துறைத்தலைவர். மாமியார் என்பது வேடிக்கைக்குத்தான், உண்மையில் உடன்பிறந்த அண்ணன் மாதிரி. இருவரும் சில வருஷ இடைவெளியில் அதே துறையில் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒரே ரப்பரைத் தொலைத்து ஒரே ரப்பருக்காகச் சண்டை போட்டவர்கள். பின்னால் மூத்தவர் தலைவரானார். மற்றவர்கள் முன்னால் குழாய்க்காரர் "சார்" என்பார், தனியாக இருந்தால் "அண்ணே". அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு அவர் அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனார். விடுமுறை நாளை வியாதி மாதிரி வெறுத்தார். வீட்டில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், "சுவத்தைப் பாப்பேன், அது என்னைப் பாக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த நிறுவனத்தில் எந்த வரைபடமும் இரண்டு கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. வரைந்தவர் ஒன்று போடுவார், சரிபார்த்த துறைத்தலைவர் ஒன்று போடுவார். அண்ணனின் சிவப்புப் பென்சிலுக்குத் துறையே நடுங்கும். அதில் அடிபடாமல் ஒரு தாள் திரும்பி வந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். கடைசி ஆறேழு மாதமாக அந்தச் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. வயசானதும் மனுஷன் கனிஞ்சிட்டாரு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். குழாய்க்காரரும் அவர்களில் ஒருவர்தான்.

பத்தாவதாக அவரைக் கட்டிக் கொடுத்த இடம் ஓர் ஆஸ்பத்திரித் திட்டம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவு ஒன்றைப் புதிதாகத் திறக்கிறார்கள். அதற்கான தண்ணீர் நிலையத்தை ஆஸ்பத்திரியின் நிலவறையில் கட்ட வேண்டும். ரத்தத்துக்குப் பக்கத்தில் போகிற தண்ணீர் என்பதால் சும்மா குடிக்கிற தண்ணீர் சுத்தம் போதாது. ஊர்த் தண்ணீரில் கிருமிக்காகக் கலக்கிற குளோரின் துளி மிஞ்சினாலும் அது நோயாளியின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதை உறிஞ்சுவதற்குக் கரி நிரப்பிய இரண்டு தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். தினமும் காலையில், முதல் நோயாளி படுக்குமுன், அதில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பார்கள். நடுக்குழாயில் குளோரின் தெரிந்தால் முதல் தொட்டி களைத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது தொட்டி காப்பாற்றிக்கொண்டிருக்கும்போதே முதலாவதை மாற்றிவிடலாம்.

திட்டத்தலைவி நாற்பதைத் தாண்டிய பெண்மணி. வழவழா கொழகொழா கிடையாது, எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். குழாய்க்காரருக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும், அவர்களிடம் அவருடைய கேள்விக்கு வேலையே இருக்காது.

ஒருநாள் மத்தியானம் அவர் அண்ணன் அறைக்குப் போய், கையெழுத்தாகி வந்திருந்த தாள்களை எடுத்து வந்தார். தன் மேசையில் விரித்தபோது ஒரு தாளில் நடுப்பகுதி வெள்ளையாக இருந்தது. அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துபோய், பம்பு அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. ஓரங்களில் மட்டும் குழாய்கள் வந்து வெட்டவெளியில் முடிந்தன. கீழே மூலையில் அண்ணனின் கையெழுத்து தெளிவாக இருந்தது.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷமாக எல்லோரையும் காய்ச்சி எடுத்த மனுஷன் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், விடலாமா? தாளைச் சுருட்டிக்கொண்டு திரும்பப் போனார்.

"அண்ணே, சொத்தெல்லாம் என் பேர்ல எழுதிக் குடுத்துட்டீங்க போல" என்று சொல்லிக்கொண்டே தாளை அவர் முன்னால் விரித்தார். "பம்பு அறை எங்கேன்னு காட்டுங்க பாப்போம்."

அண்ணன் தாளைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை.

"எதைச் சொல்றே?" என்றார்.

குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். வெள்ளையாகக் கிடந்த இடத்தின் மேல்தான் அண்ணனின் விரல் இருந்தது.

"கதவைச் சாத்து" என்றார் அண்ணன். அறைக்குக் கண்ணாடிச் சுவர், சாத்தினாலும் எல்லோருக்கும் தெரியும். குரல்தான் வெளியே போகாது. "நடுவுல ஒண்ணும் தெரியலய்யா. நேரா பாத்தா, பாக்கற இடம் காணாம போயிடுது. ஓரம் மட்டும் இருக்கு. இப்ப உன்னைப் பாக்கறேன், காது தெரியுது, மூஞ்சி இல்ல. டாக்டர்கிட்ட போனேன். போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்தறதுக்கு ஊசி போடறாங்க."

குழாய்க்காரருக்குத் தன் கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேடிக்கை பேச வந்த அவசரத்தில் அதை முன்னாலேயே கேட்காமல் விட்டுவிட்டார். கேட்டபின் கேட்டு என்ன பிரயோஜனம், இருந்தாலும் கேட்டார்.

"இதை மேடம்கிட்ட சொல்லலாமாண்ணே?"

"கூடாது. யார்கிட்டயும் கூடாது. ரிட்டயராக இன்னும் ஒண்ணரை வருஷம்தான் இருக்கு எனக்கு. இந்த நாற்காலியை விட்டு எழுப்பினா நான் எங்க போவேன்? அந்த வீட்டுக்குப் போய் இருட்டுல உக்காந்துக்கவா? நீ என் பிறந்த வீட்டு ஆள்யா. என்னைக் காட்டிக் குடுத்துடாதே."

கேட்கவில்லை என்று சொல்லி எழுந்து போக இந்த முறை அவருக்குக் கால் வரவில்லை. "சொல்ல மாட்டேண்ணே" என்று நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அன்று ஆரம்பித்தது அந்த ஏற்பாடு. வரைபடம் சரிபார்க்கும் நேரத்தில் குழாய்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தாளில் விரலை ஓட்டிக்கொண்டே தனக்குத் தானே பேசுகிற மாதிரி முணுமுணுப்பார். "இங்க உள்ள வருது... வால்வு... அதுக்கப்புறம் அழுத்தமானி... வளைஞ்சு கீழ இறங்குது..." அண்ணன் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பழைய ஆட்கள் ஒரு தாளின் மேல் குனிந்திருப்பது மட்டும்தான் தெரியும்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அண்ணன் காதாலேயே தவறு கண்டுபிடித்தார். "நில்லு. பம்புக்கு முன்னாடி வடிகட்டி சொன்னியா?" என்பார். சொல்லியிருக்க மாட்டார், தாளிலும் இருக்காது. "கீழ இறங்குதுன்னா காத்து போறதுக்கு வழி எங்க?" என்பார். சிவப்புப் பென்சில் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. பென்சிலை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டுவதுதான் குழாய்க்காரரின் வேலை. மற்றவர்கள் வரைந்த தாள்களும் இப்படித்தான் சரிபார்க்கப்பட்டன. குழாய்க்காரருக்கு மனசு லேசானது. கண்தானே போயிற்று, மூளை போகவில்லையே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அண்ணனின் நடையில்கூட பழைய மிடுக்கு திரும்பியது. அந்தச் சில மாதங்கள் இருவருக்குமே சந்தோஷமான மாதங்கள், அதை மறைப்பதற்கில்லை.

ஆஸ்பத்திரி நிலவறையில் ஒரு தூண் இடைஞ்சலாக வந்தது. கட்டிடக்காரர்கள் கொடுத்த அளவில் இல்லாத தூண். தொட்டிகளை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. குழாய்க்காரர் வரைபடம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பினார். எல்லாம் ஒழுங்காகத் திரும்பியது, நடுக்குழாயைத் தவிர. அது இரண்டு தொட்டிக்கும் நடுவில் இல்லாமல் இரண்டையும் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோருக்கும் வரக்கூடிய சறுக்கல்தான். இதற்காகத்தான் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். இரண்டாவது ஆளுக்குக் குழாய்க்காரர் முணுமுணுத்தது இதுதான்: "முதல் தொட்டி... நடுக்குழாய்... ரெண்டாவது தொட்டி..." தாளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது தாளில் இருந்ததை அல்ல, இருக்கும் என்று தான் நம்பியதை. அண்ணன் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

திறப்பதற்கு முந்தைய வாரம் நிலையத்தை ஓட்டிப் பார்த்தார்கள். குழாய் ஒட்டிய பிசின் வாடை இன்னும் போகாத அந்த நிலவறையில் திட்டத்தலைவியும் குழாய்க்காரரும் பொருத்துகிறவர்களும் நின்றிருந்தார்கள். பின்னால் இதைத் தினமும் கையாளப்போகிற நர்ஸையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மாள் சோதனைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிகளை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"நடுக்குழாய் எங்க சார்?" என்று கேட்டாள். "நான் காலையில எதுல பிடிக்கணும்?"

குழாய்க்காரர் கையை நீட்டினார். நீட்டிய கை காற்றில் நின்றது. அங்கே வழுவழுவென்று வெறும் குழாய்தான் இருந்தது. சோதனைக் குழாய் இரண்டாவது தொட்டிக்கு அப்பால், சுவரோரமாக இருந்தது.

"இதுல பிடிச்சா, ரெண்டு தொட்டியும் போனப்புறம்தான் எனக்குத் தெரிய வரும்" என்றாள் நர்ஸ். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அதுக்குள்ள மேல ஆளு படுத்திருப்பாங்க."

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நோயாளி யாரும் அதுவரை வரவில்லை, அரை நாளில் குழாயை மாற்றிவிடலாம். ஆனால் திட்டத்தலைவியின் முகம் வெளுத்துவிட்டது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். கட்டியவர்கள் மேல் பிழை இல்லை, தாளில் இருந்தபடியேதான் கட்டியிருந்தார்கள்.

"நீங்க தப்பு பண்ணலாம் சார், யார் வேணா பண்ணலாம்" என்றாள். "அவர் எப்படி விட்டாரு? அவர் கண்ணுல இது படாம போகாதே. நாளைக்குக் காலையில மூணு பேரும் உக்காந்து பேசுவோம்."

அன்று சாயங்காலம் குழாய்க்காரர் சாப்பிட உட்கார்ந்து தட்டை அளைந்துகொண்டிருந்தார். மனைவி மாமியார்களை விசாரிக்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"உங்க கடையில மருந்து எடுக்கறது ஒருத்தர், சரிபாத்துக் குடுக்கறது இன்னொருத்தர்தானே?" என்று கேட்டார்.

"ஆமா."

"ஒரே ஆள் ரெண்டும் செஞ்சா என்ன? அந்த ஆள் கெட்டிக்காரர்னு வெச்சுக்கோயேன்."

"கெட்டிக்காரியா இருந்தா இன்னும் மோசம். நான் எடுத்ததை நானே பாத்தா எனக்கு அது சரியாத்தான் தெரியும். எடுக்கும்போது எது கண்ணை மறைச்சுதோ அதுதானே பாக்கும்போதும் மறைக்கும்?" என்றாள். பிறகு அவர் தட்டை எடுத்துக்கொண்டே, "யாருக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவள் மேற்கொண்டு கிளறவும் இல்லை.

மறுநாள் அண்ணன் அறைக்கு முதலில் போனார். நடந்ததைச் சொன்னார்.

"என் தப்புதான். ஆனா அண்ணே, உங்களைத்தான் கேப்பாங்க. சொல்லிடலாம்ணே. நாமளே சொல்லிடுவோம்."

"சொல்லவே கூடாது" என்றார் அண்ணன். "நான் பாத்தேன், தவறிப்போச்சுன்னு சொல்லிடறேன். ஒரு நாள் தலைகுனிஞ்சு நின்னா போச்சு. உன் மேல ஒரு சொல்லு விழாம பாத்துக்கறேன், போதுமா?"

அந்த அன்புதான் குழாய்க்காரரைக் கொன்றது. இவருடைய பிழையை அண்ணன் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார், நாற்காலியை மட்டும் விடமாட்டார். அடுத்த வாரம் மறுபடி முணுமுணுக்கலாம். அடுத்த தாளிலும் குழாய்க்காரர் தான் நம்பியதைச் சொல்வார், அண்ணன் தலையாட்டுவார். அந்த நர்ஸ் மாதிரி ஒருத்தி எல்லா இடத்திலும் குப்பியோடு சுற்றி வருவாளா?

கூட்ட அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திட்டத்தலைவி கேட்டாள். அண்ணன் சொன்னபடியே தலைகுனிந்தார்.

"நான் பாத்தேம்மா. தவறிடுச்சு. முப்பது வருஷத்துல முதல் தடவை. மன்னிச்சுக்கணும்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். அவளும் அவர் மேல் மரியாதை உள்ளவள்தான், பெரிதுபடுத்த நினைக்கவில்லை. பக்கத்திலிருந்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"சரி சார், விடுங்க. இது திருத்தின வரைபடம், காலையில வேற ஒருத்தரை வெச்சு வரைஞ்சது. சொல்லலாமா சாரும் இன்னும் பாக்கல. ஆளுங்க கீழ காத்திருக்காங்க. இப்பவே பாத்துக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டா இன்னைக்கே மாத்திடுவாங்க."

அண்ணன் தாளின் மேல் குனிந்தார். பென்சிலைக் கையில் எடுத்தார். தலையை வழக்கம்போல் கொஞ்சம் குழாய்க்காரர் பக்கம் சாய்த்தார். அது காதைக் கொடுக்கிற சாய்ப்பு. மாதக்கணக்கில் அப்படிச் சாய்த்ததும் குழாய்க்காரரின் விரல் தாளில் நகரும், வாய் முணுமுணுக்கத் தொடங்கும். யாரும் எதையும் சந்தேகப்பட மாட்டார்கள்.

குழாய்க்காரர் தாளைப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முதல் தொட்டி, நடுக்குழாய், இரண்டாவது தொட்டி. ஐந்து வார்த்தை சொன்னால் போதும். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

அண்ணன் காத்திருந்தார். பென்சில் முனை தாளுக்கு மேலே அசையாமல் நின்றது. திட்டத்தலைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். ஒரு தடவை தொண்டையைச் செருமினார். குழாய்க்காரர், வாயைத் திறந்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிறகு அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த கணம் அவர் தோளில் தெரிந்தது, தோள் இரண்டும் மெல்ல இறங்கின. பென்சிலை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "எனக்குக் கண்ணு தெரியல."

திட்டத்தலைவி கத்தவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அவர் கையைப் பிடித்து டம்ளரை அதில் வைத்தாள். அவர் குடிக்கும்வரை நின்றிருந்துவிட்டுக் குழாய்க்காரர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும் மேடம்."

"எப்ப இருந்து?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணனை அந்த வாரமே மருத்துவ விடுப்பில் அனுப்பினார்கள். விடுப்பு அப்படியே ஓய்வாக மாறியது. நிர்வாகம் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. மாலை போட்டார்கள், பேசினார்கள், வண்டி வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முணுமுணுத்துச் சரிபார்த்த தாள்களையெல்லாம் வேறு இரண்டு பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். குழாய்க்காரர் வரைந்ததில் இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. அவருக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது, வர வேண்டியதுதான். தலைவர் நாற்காலியில் வேறு துறையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பிரிவு சொன்ன தேதியில் திறந்தது. யாரும் குழாய்க்காரரைப் புகழவுமில்லை, திட்டவுமில்லை. பேசிக்கொண்டிருப்பவர்கள் அவர் வந்தால் பேச்சை நிறுத்துவது மட்டும் கொஞ்ச நாளைக்கு இருந்தது.

அவர் மூன்று முறை அண்ணன் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். நான்காவது முறை மனைவி, "இன்னைக்கு நானும் வந்து கீழ நிக்கறேன்" என்று சொல்லிக் கூடவே கிளம்பினாள்.

மாடிவீடு. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவு திறந்திருந்தது. அண்ணன் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரியவில்லை, அவருக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"வா" என்றார் திரும்பாமலே. "உன் நடை எனக்குத் தெரியாதா?"

குழாய்க்காரர் நின்றார்.

"அண்ணே, நான் வாக்கை மீறலண்ணே. நான் சொல்லல."

"ஆமா, சொல்லல. பேசாம இருந்தே." அண்ணன் குரல் தழுதழுக்கவில்லை, சாதாரணமாக இருந்தது. "நான் உன் குரலுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்யா. எவ்வளவு நேரம்னு உனக்குத் தெரியுமா? அங்க நாலு பேர் முன்னாடி துணியை அவுத்துட்டு நின்னாக்கூட அவ்வளவு நேரம் நின்னிருக்க மாட்டேன்."

குழாய்க்காரர் அழுதார். சத்தம் வராமல் அழப்பார்த்தார், வந்துவிட்டது.

"அழாதே. நீ செஞ்சது சரி" என்றார் அண்ணன். "யார் வந்து கேட்டாலும் சரின்னுதான் சொல்வேன். ராத்திரியும் பகலும் இங்க உக்காந்து அதைத்தான் யோசிக்கறேன். நான் உன் இடத்துல இருந்திருந்தா எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. நான் முணுமுணுத்திருப்பேன்."

"அண்ணே..."

"சரிதான் செஞ்சே. ஆனா இனிமே இங்க வராதே. என்னால முடியலய்யா. நீ பக்கத்துல வந்து பேசாம நின்னா எனக்கு அந்த அறையிலதான் இருக்கற மாதிரி இருக்கு."

குழாய்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வாசலைத் தாண்டி, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது.

"பாத்து இறங்கு. மூணாவது படியில ஓரம் உடைஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். உடைந்துதான் இருந்தது. அதைத் தாண்டிக் காலை வைத்து, மெதுவாக இறங்கி, மனைவி நிற்கும் இடத்துக்குப் போனார்.